டர்பன் வட்டாரக் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும்: 2020 யாத்திரைப் பணம் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடி ஏற்பாடுகளில் நீங்கள் மூழ்கியிருக்கும் நேரம் இது. அது முடியட்டும் என்று காத்திருக்க வழியில்லை. 2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பறக்க வேண்டியிருந்து ரத்தான விமானங்களின் டிக்கெட் பணம் இன்னும் பலருக்குத் திரும்பவில்லை. தென்னாப்பிரிக்காவில், இப்படித் திருப்பித் தர வேண்டிய பணம் உட்பட, சாதாரணக் கடன் மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும் என்று 1969ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் புகார் போவதற்கும் அதே மூன்று ஆண்டுதான் எல்லை. பறக்க வேண்டிய நாளிலிருந்து கணக்குப் போட்டால், வரும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்த எல்லை வந்துவிடும். இதை எழுதும்போது 2022 டிசம்பர் பாதி கடந்துவிட்டது.

அது யாருடைய பணம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் இருக்க வேண்டும், அப்படியே சமயபுரம், மதுரை, ராமேஸ்வரம் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று உங்கள் அறிவிப்பைப் பார்த்துப் பெயர் கொடுத்தவர்கள் அவர்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இருக்கிறார்கள். பலர் முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவர்கள். 2020 ஏப்ரலில் அந்தத் தொகை மாதம் 1,860 ராண்ட். துபாய் வழியாகச் சென்னை போய்வர ஒருவருக்கு 12,000 ராண்டுக்கு மேல் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆறு மாத உதவித்தொகைக்கும் அதிகம் அது. முன்னோர்கள் மதராஸில் கப்பலேறிய பிறகு குடும்பத்தில் யாரும் போய்ப் பார்க்காத ஊரைச் சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சேர்த்த பணம். அதற்குப் பிறகு 2021 ஜூலைக் கலவரம் வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தது. டொங்காட்டில் குழாயில் தண்ணீர் வராமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். அந்தச் சமயங்களில் இந்தப் பணம் கையில் இருந்திருந்தால் எத்தனை உதவியாக இருந்திருக்கும்!

நடந்ததை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பாருங்கள், ஏனென்றால் யாருக்கு எந்த உரிமை என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. 2020 மார்ச் 13 முதல் இந்தியா சுற்றுலா விசாக்களை நிறுத்திவைத்தது. மார்ச் 22ஆம் தேதி வாக்கில் வெளிநாட்டு விமானங்கள் அங்கே இறங்குவதையே நிறுத்தியது. மார்ச் 26 நள்ளிரவு இங்கே ஊரடங்கு தொடங்கியது. விசா நின்ற பிறகும் சில நாள் விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த நாட்களில் பயந்துபோய்த் தாங்களே கேன்சல் செய்தவர்களுக்கு, "நீங்களாக ரத்து செய்தீர்கள், விதிப்படி கட்டணம் பிடிப்போம்" என்று பதில் வந்தது. பொறுமையாக இருந்தவர்களின் விமானத்தை நிறுவனமே ரத்து செய்தது. இவர்களுடைய கோரிக்கை வலுவானது. அதற்காக முதல் வகையினரைக் கைவிட்டுவிடக் கூடாது. முன்பதிவை நுகர்வோரே ரத்து செய்தாலும் நியாயமான அளவுக்கு மேல் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. பயணம் செய்ய வேண்டியவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ஒரு சென்ட் கூடப் பிடிக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பயணத்துக்கு முன்பே கொரோனாவில் போனவர்கள் உங்கள் பட்டியல்களில் இருந்தால், அந்தக் குடும்பங்களுக்கு இதை யாராவது சொன்னார்களா?

ஏஜென்டுகளைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அவர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள், பணத்தை வாங்கி ஓடிவிட்டவர்கள் அல்ல. டிக்கெட் எழுதியதும் பணம் விமான நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. 2020 மார்ச்சில் பல நிறுவனங்கள் முன்பதிவு மென்பொருளில் ரீஃபண்டு வசதியையே முடக்கின. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டுக் காத்திரு என்றார்கள். பயணி ஏஜென்டைக் கேட்டார், ஏஜென்ட் நிறுவனத்தைக் கேட்டார், நிறுவனம் "ஏஜென்டிடமே கேளுங்கள்" என்று பயணியிடம் சொன்னது. நான் உதவி செய்யப்போன ஒரு வீட்டிலும் இதேதான் நடந்தது. கடைசியில் அவர்கள் கையில் கிடைத்தது ஒரு வவுச்சர். அதைப் பயன்படுத்தப் போனபோது ராண்ட் வீழ்ந்து கட்டணம் ஏறியிருந்தது. 2020 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 14 ராண்ட் அளவில் இருந்தது, ஏப்ரலில் 19ஐத் தொட்டது. "வித்தியாசத்தைக் கட்டுங்கள்" என்றார்கள். அவர்களிடம் ஏது? ஓராண்டு கழித்து அந்த வவுச்சரும் செல்லாது என்று மின்னஞ்சல் வந்தது.

விமான நிறுவனங்களுக்கு அப்போது என்ன நெருக்கடி என்பது எனக்குத் தெரியும். பறக்காத டிக்கெட்டுகளுக்காகத் திருப்ப வேண்டிய தொகை மட்டும் 35 பில்லியன் டாலர் இருக்கும் என்று 2020 மார்ச் கடைசியில் அவர்களுடைய உலகக் கூட்டமைப்பே கணக்குச் சொன்னது. அதைத் திருப்பித் தந்தால் விழுந்துவிடுவோம் என்று வாதிட்டார்கள். என் பார்வையில் அந்த வாதமே குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான். பயணி இன்னும் பறக்கவில்லை. அவர் கொடுத்ததை எடுத்து அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்தியிருந்தால்தானே திருப்பித் தரக் கையில் இல்லாமல் போகும்?

இந்தக் கேள்விக்கு நம் சட்டத்தில் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மடலில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவாக இருக்கட்டும். நுகர்வோரிடம் வாங்கிய முன்பணத்தை விற்பவர் தன் சொத்தாக நடத்தக் கூடாது. பிறர் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவரிடம் எதிர்பார்க்கிற கவனத்தோடு அதைக் காக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் இழப்பு வந்தால் அவர்தான் ஈடுகட்ட வேண்டும். 63ஆம் பிரிவு வவுச்சரைப் பற்றியது. பணம் கொடுத்துப் பெற்ற வவுச்சர், முழு மதிப்பும் பயன்படுத்தித் தீரும்வரை, அல்லது கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு முடியும்வரை காலாவதி ஆகாது. தீராமல் மிச்சமிருக்கும் பணம் வவுச்சரை வைத்திருப்பவரின் சொத்து. ரத்தான டிக்கெட்டுக்குக் கொடுத்த வவுச்சருக்கு இது பொருந்தாது என்று நிறுவனங்கள் வாதிடலாம். வாதிடட்டும். எந்தப் பயணியும் இதைச் சொல்லிக் கேட்காதவரை அவர்கள் வாதிடவே தேவையில்லாமல் போகிறது.

கேட்காமல் விட்டதன் விலையை இந்த நாட்டில் நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் 2019 டிசம்பர் 5 அன்றே வணிக மீட்பு நடைமுறைக்குள், அதாவது கடனில் தத்தளிக்கும் நிறுவனத்தைக் காப்பாற்ற முயலும் சட்ட நடைமுறைக்குள், போய்விட்டது. 2020 மே மாதம் காம்ஏர் விமான நிறுவனம். 2021 ஜூலையில் மேங்கோ. காம்ஏர் மீண்டும் பறந்தது, ஆனால் 2022 ஜூனில் கலைப்புக்குப் போனது. ஒரு நிறுவனம் வணிக மீட்புக்குள் போன நிமிடத்திலிருந்து அதன் மேல் வழக்குப் போடுவதற்குப் பொதுத் தடை வந்துவிடும். டிக்கெட் வாங்கிய பாட்டியும் எரிபொருள் விற்ற கம்பெனியும் ஒரே வரிசையில், பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களாக நிற்க வேண்டும். வங்கிகள் முன்னால் நிற்கும். பாட்டி அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கவே இல்லை. பழனிக்குப் போகப் பணம் கட்டினார், அவ்வளவுதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. ஐரோப்பாவில் ரத்தான விமானத்துக்கு ஏழு நாளில் பணம் தர வேண்டும் என்ற 2004ஆம் ஆண்டு விதியைத் தொற்றுக் காலத்திலும் தளர்த்தவில்லை. அங்கேயும் நிறுவனங்கள் இழுத்தடித்தன, ஆனால் சட்டம் பயணி பக்கம் நின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று கொடுத்த தீர்ப்பு இன்னும் நுணுக்கமானது. உடனே பணம் தர முடியாத நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் வவுச்சர் போல ஒரு வரவு தரலாம். ஆனால் அதன் மதிப்பு மாதாமாதம் ஏற வேண்டும், 2020 ஜூன் வரை 0.5 சதவீதம், அதன்பின் 0.75 சதவீதம். அதை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். 2021 மார்ச் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகத் திருப்ப வேண்டும். நெருக்கடியில் இருந்த நிறுவனத்துக்கும் மூச்சுவிட இடம் கொடுத்து, பயணியையும் கைவிடாத தீர்ப்பு அது. அமெரிக்காவில் போன மாதம்தான், நவம்பரில், போக்குவரத்துத் துறை ஆறு விமான நிறுவனங்களை 60 கோடி டாலருக்கு மேல் பயணிகளுக்குத் திருப்பித் தர வைத்ததாக அறிவித்தது. அதில் ஏர் இந்தியா ஒன்று மட்டும் 12.15 கோடி டாலர். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

இப்போது உங்களிடம் நேராகவே பேசுகிறேன். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளாக உங்கள் பொதுக்கூட்டங்களில் இந்தப் பணத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "அது ஏஜென்டுக்கும் பயணிக்கும் இடையில் உள்ள விஷயம்" என்று முடித்துவிடுகிறீர்கள். அது சரியல்ல. பெயர் பதிவு செய்தது கோயில் அலுவலகத்தில். தவணை வாங்கியது உங்கள் பொருளாளர். ஏஜென்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அந்த அம்மாக்கள் ஏஜென்டின் பெயரைக்கூடக் கேட்காமல் பணம் கட்டியதற்குக் காரணம், கேட்டது கோயில் என்பதுதான். சில ஏஜென்டுகள் உங்கள் திருவிழா மலருக்கு விளம்பரம் தருகிறார்கள், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை அனுப்புகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அதனால் அவர்களிடம் கணக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கூச்சத்துக்கான விலையைக் கட்டுவது உதவித்தொகையில் வாழ்கிறவர்கள். நீங்கள் கணக்குக் கேட்டால்தான் ஏஜென்டும் அதைக் காட்டி விமான நிறுவனத்தை நெருக்க முடியும்.

முதலில் 2020 பட்டியலை வெளியே எடுங்கள். யார் எவ்வளவு கட்டினார், எந்த நாளில், எந்த வழியில், டிக்கெட் எண் என்ன, என்ன திரும்பி வந்தது என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள். பெரும்பாலோர் இ.எஃப்.டி. மூலம், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பணப்பரிமாற்றமாக, கட்டினார்கள், கார்டு கட்டணம் மிச்சமாகும் என்று நாம்தான் அப்படிச் சொன்னோம். கார்டில் கட்டியிருந்தால் சேவை கிடைக்கவில்லை என்று வங்கி வழியாகவே திரும்பக் கேட்டிருக்கலாம். அதற்குச் சில மாதங்களே அவகாசம், அது போய்விட்டது. இ.எஃப்.டி.க்கு அந்த வழியே கிடையாது. அடுத்த யாத்திரைக்குப் பணம் வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் தயாரானதும் தனித்தனி கோரிக்கைக் கடிதங்கள். தனித்தனி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 20,000 ராண்ட் வரையிலான வழக்கைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். ஆனால் அங்கே வழக்குத் தொடுக்கத் தனிமனிதருக்கு மட்டுமே உரிமை உண்டு. சங்கமோ அறக்கட்டளையோ அங்கே வாதியாக நிற்க முடியாது. கணவன் மனைவி இருவர் டிக்கெட்டும் சேர்ந்தால் 20,000ஐத் தாண்டும், தனித்தனியாகப் போட்டால் தாண்டாது. கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தந்த பிறகு வட்டார மாஜிஸ்திரேட் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போகலாம். ஒரு எச்சரிக்கை: கடிதம் எழுதுவதால் மட்டும் மூன்று ஆண்டுக் கடிகாரம் நின்றுவிடாது. நீதிமன்ற அழைப்பாணை எதிராளி கையில் சேர வேண்டும், இல்லையென்றால் அவர்களே கடனை ஒப்புக்கொள்ள வேண்டும். "உங்கள் ரீஃபண்டு தர வேண்டியுள்ளது" என்று எப்போதோ வந்த ஒரு மின்னஞ்சல் அப்படிப்பட்ட ஒப்புதலாக உதவக்கூடும். அதனால் பழைய மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் யாரும் அழிக்க வேண்டாம் என்று இந்த வாரப் பூஜையிலேயே அறிவியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் புகார் போகட்டும். அதற்கும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். எழுபது வயதுக்காரர் இதை இணையத்தில் தனியாக உட்கார்ந்து செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, திவாலுக்குப் போன நிறுவனத்தின் டிக்கெட் வைத்திருப்பவர்கள்? அவர்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரும் தொகையும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பதிவு செய்ய உதவுங்கள்.

கடைசியாக, 2023 யாத்திரைக்கு மறுபடியும் பெயர் வாங்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு தவணை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அடுத்த தவணையை நிறுத்திவையுங்கள். டிக்கெட் எழுதும் நாள்வரை பணம் ஏஜென்ட் தன் செலவுக்குத் தொட முடியாத தனிக் கணக்கில் இருக்கும், விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் வவுச்சர் அல்ல பணமே திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். 65ஆம் பிரிவைக் குறிப்பிட்டே எழுதச் சொல்லுங்கள். நேர்மையான ஏஜென்ட் கையெழுத்துப் போடுவார். போட மறுக்கிறவரிடம் நம் முதியவர்களின் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை.

கடிதங்கள் எழுதவும் படிவங்கள் நிரப்பவும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். சட்டம் படித்த பிள்ளைகள் இரண்டு பேரும் உடன் வரச் சம்மதித்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது உங்கள் 2020 பட்டியலும், கோயில் மண்டபத்தில் ஒரு மேசையும், ஜனவரி முதல் வாரத்துக்குள் ஒரு பதிலும்.

இப்படிக்கு,
உங்கள் கோயிலுக்கு வந்துபோகும் ஒரு தமிழாசிரியர்
டர்பன், 2022 டிசம்பர்