நாலு நிமிடம் ஆடியவர் அல்ல ராம்போன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். அதில் தடுப்பாட்டக்காரர் கிறிஸ்டி ராம்போனுக்குக் கிடைத்தது ஒரே வரி: "2015 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கடைசி நாலு நிமிடம் ஆடி, கோப்பையைத் தூக்கியவர்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

86ஆவது நிமிடத்தில் இறங்கினார், சரி. வான்கூவரில் ஜப்பானை 5-2 என்று வென்ற அன்று அவருக்கு வயது 40 முடிந்து 11 நாள். 1999இல் கோப்பை வென்ற அணியிலிருந்து அதுவரை தாக்குப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். நாட்டுக்காக 311 ஆட்டங்கள் ஆடியவர், ஐந்து உலகக் கோப்பைத் தொடர்களில் பங்கேற்றவர், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அந்தத் தங்கங்களில் 2008, 2012 இரண்டும் அவர் கேப்டனாக இருந்து வென்றவை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

311 ஆட்டத்தில் அவர் அடித்த கோல் நாலுதான். அதனால்தானே ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள்? மான்மவுத் பல்கலைக்கழகத்தில் கோல் அடித்துக் குவித்தவர்தான் அவர். தேசிய அணிக்கு வந்ததும் பின்களத்தில் நிற்கச் சொன்னார்கள், நின்றார்.

வெம்ப்ளியில் நடந்த 2012 ஒலிம்பிக் இறுதிப் போட்டியைப் பற்றி அப்போது நீங்கள் எழுதியதும் மறக்கவில்லை. ராம்போன் காலிலிருந்து ஜப்பானின் இவாபுச்சி பந்தைப் பறித்ததையும், நம் கோல்கீப்பர் ஹோப் சோலோ பாய்ந்து தடுத்ததையும் விலாவாரியாக எழுதினீர்கள். மீதி நேரமெல்லாம் ராம்போன் என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. தடுப்பாட்டக்காரர் தவறினால்தான் பத்திரிகையில் பெயர் வருமா?

என் மகளும் எங்கள் ஊர் அணியில் பின்களத்தில்தான் ஆடுகிறாள். இங்கே ஒரு அமைப்பின் ஆண்டு மலரில் அந்த அணி வென்ற போட்டியைப் பற்றிப் போட்டிருந்தார்கள். கோல் அடித்த பிள்ளைகளின் படம் பெரிதாக வந்தது. குழுப் படத்தில் என் மகள் நின்ற ஓரத்தை வெட்டியே விட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

பிஸ்கேட்டவேயில் யுர்சாக் மைதானத்துக்கு அவளைக் கூட்டிப்போய் ராம்போன் ஆடுவதைக் காட்டியிருக்கிறேன். எதிரணிப் பெண் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவர் கையை நீட்டி, பக்கத்தில் நின்றவரை இரண்டடி பின்னால் வரச் சொல்லிவிட்டார். பந்து அங்கேதான் வந்தது. ஆபத்து வருவதற்கு முன்பே முடிந்துபோன அந்த வேலைக்கு மைதானத்தில் யாரும் கை தட்டவில்லை.

அப்புறம் 2009. அந்த ஆண்டு தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் நம் நியூ ஜெர்சியின் ஸ்கை புளூ அணிக்கு ஒரே சீசனில் இரண்டு பயிற்சியாளர்கள் மாறி, மூன்றாவதாகப் பொறுப்பேற்றவர் ராம்போன். ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். லீக் பட்டியலில் நாலாம் இடத்தில் முடித்த அணி, அடுத்து வந்த பிளே-ஆஃப் சுற்றில் வெளியூர் மைதானங்களிலேயே மூன்று ஆட்டங்களை வரிசையாக வென்றது; அதில் கடைசியான இறுதிப் போட்டியில் லாஸ் ஏஞ்சலஸ் சோல் அணியை 1-0 என்று தோற்கடித்தது. அப்போது அவர் வயிற்றில் இரண்டாவது குழந்தை!

நான் கர்ப்பமாக இருந்தபோது, "உங்கள் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி என் மேலாளர் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுத்தார். பிரசவம் முடிந்து வந்தும் அது எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ராம்போன் கதை என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயோடும் போராடிக்கொண்டு ஆடியவர் அவர். அதையும் எழுதவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை, ஐயா. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டு, அதில் 311 என்ற எண்ணைக் குறிப்பிடுங்கள். முடிந்தால் மூன்றாம் எண் சட்டையில் அவர் இருக்கும் படம் ஒன்றும் போடுங்கள். ஸ்டாம்ப் அளவில் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி.