வற்றாப்பளைப் பாதையில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வைகாசிப் பொங்கலுக்கு யாழ்ப்பாணம் நல்லூரிலிருந்து முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயிலுக்குச் சைக்கிளில் சென்ற நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது. ஏ-9 வீதியால் பரந்தன், அங்கே ஏ-35 இல் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல், பிறகு அம்மன் வாசல். நூறு கிலோமீற்றருக்கு மேல். இந்த வெயிலில் அதை ஒரே பகலில் மிதித்து முடிக்கக் கால் பலம் மட்டும் காணாது. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றதால், இடத்தையும் செய்த காரியத்தையும் மட்டும் சொல்கிறோம்.

முதல் நன்றி, முதல்நாள் பின்னேரம் எல்லாச் சைக்கிளையும் கவிழ்த்து வைத்துப் பார்த்துத் தந்த திருத்துநர் ஐயாவுக்கு. நெடுந்தூரத்தில் எது போகும் என்று அறிந்த கை அது. கரியரில் பை கட்டினால் பாரம் முழுக்கப் பின்சில்லில் இறங்கும். அதில் செயின் ஓடும் பக்கத்துக் கம்பிகளுக்குத்தான் இழுவை அதிகம், பெரும்பாலும் உடைவதும் அவைதான். அவர் கம்பிகளை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பார்த்து, தொய்ந்தவற்றைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தரத்தில் முறுக்காமல் இறுக்கினார். பழைய வால்வுகளில் இருந்த ரப்பர்க் குழாய்களை எல்லாம் கழற்றிப் புதிது போட்டார். அந்தச் சின்ன ரப்பர் சூட்டில் பிசுபிசுத்துப்போனால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். ஓடுபவர் ரியூப் ஓட்டை என்று நினைத்து ரயரைக் கழற்றி நேரத்தைத் தொலைப்பார்.

வெயிலில் காற்று விரிந்து ரியூப் வெடிக்கும் என்று சொல்வார்கள். நல்ல ரயரில் அது அரிது. வெயிலில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடுவதே அதிகம். வழியில் காலைவாருவது பக்கம் வெடித்த கிழட்டு ரயரும் அவசரத்தில் போட்ட ஒட்டும்தான். சொலூஷன் பூசி, விரலில் ஒட்டாத அளவு காயும்வரை நாலைந்து நிமிடம் பொறுத்து ஒட்டைவைத்து அமத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் தார்ச் சூட்டில் இளகி நகர்ந்துவிடும். கொடிகாமத்தில் கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே எழும்பி வந்து ஒட்டுப் போட்டுத் தந்த தம்பி, அந்த நாலைந்து நிமிடத்தை யார் அவசரப்படுத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

ஆனையிறவில் லொறி, பஸ் சாரதிகளுக்குக் கடன்பட்டிருக்கிறோம். விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் போனால் வெயில் ஏற முன்னர் உப்பளத்தைத் தாண்டலாம். அதற்குப் பிறகு அங்கே மர நிழல் தேடிப் பயனில்லை. ஆனால் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று நேரம் பார்ப்பதில்லை. தென்கிழக்கே போகிறவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், அவரும் தன்னையறியாமல் வலப்பக்கம் சரிந்தே ஓடுவார். பெரிய வாகனம் வலப்பக்கத்தால் முந்தும்போது காற்று சட்டென்று மறைபடும், சைக்கிள் வாகனத்தின் பக்கமாகவே சாயும். அது கடந்த அடுத்த கணம் காற்று திரும்ப அறைந்து சரளைக்குள் தள்ளும். ஆகவே ஹோர்ண் அடிப்பதைவிட ஒன்றரை மீற்றர் இடம் விடுவதுதான் எங்களுக்கு உதவி. அன்று பலர் அப்படி விலத்தி, வேகத்தையும் குறைத்துப் போனார்கள்.

பளையிலும் பரந்தனிலும் தண்ணீர்ப்பந்தல் போட்ட அம்மாமாருக்கு எப்படி நன்றி சொல்வது! மோரிலும் தேசிக்காய்த் தண்ணீரிலும் உப்பு அளவாக இருந்தது. வியர்வையோடு உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் தலையிடியும் ஓங்காளமும் வரும், அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூளை ஒருவர் ஒரு லீற்றர் போத்தலால் அளந்தே கரைத்தார், சின்னப் போத்தலில் முழுப் பைக்கற்றைக் கொட்ட வந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பைக்கற் ஒரு லீற்றருக்குத்தான். தடிப்பாகக் கரைத்தால் வயிறு குழம்பும். மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர், கால் மணிக்கொரு தரம் சில மிடறு என்று அவர்கள் சொல்லிவிட்ட கணக்கு கடைசிவரை சரியாக இருந்தது.

குளிர்சோடா தந்த அன்பர்கள் குறையாக எடுக்க வேண்டாம். அந்த இனிப்பும் வாயுவும் வயிற்றை ஊதவைத்து மிதிக்க விடாது. அடுத்த முறை மோரே போதும், செலவும் குறைவு.

பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை விசுவமடுவில் தங்கள் மாமர நிழலைத் தந்த குடும்பத்தினர், கிணற்றடியையும் விட்டுத் தந்தார்கள். பழஞ்சோற்றைக் கரைத்து வெங்காயமும் ஊறுகாயும் வைத்தார்கள். அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. கெண்டைக்கால் குறண்டி இழுத்தவர்களைத் தேய்த்துவிட அவசரப்படாமல், பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கிப் பிடித்தவர் அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி. குறண்டல் வேறு, வெப்பத்தாக்கு வேறு என்று எல்லோருக்கும் விளக்கினார். பேச்சுத் தடுமாறினால், நேரே ஓட முடியாமல் வளைந்தால், வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே நிழலில் கிடத்திக் கழுத்திலும் கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். நினைவு மங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

வட்டுவாகலில் வாகனங்களை மறித்து எங்களை விட்ட இளைஞர்களுக்கும், கோயிலில் சைக்கிள்களுக்குக் காவல் இருந்த தொண்டர்களுக்கும், அன்னதான மடத்தாருக்கும் நன்றி.

இரவு பொங்கல் பார்த்த கண்ணோடு திரும்ப மிதிப்பது விசர் வேலை. பட்டா என்ற சின்ன லொறிகளில் ஏற்றிவந்த உரிமையாளர்கள் எரிபொருள் காசுகூட வாங்கவில்லை. சைக்கிள்களைத் தலைமாறித் தலைமாறி நிறுத்தி, இடையில் சாக்குத் திணித்து, கயிற்றைச் சில்லுக் கம்பிக்குள் கோக்காமல் சட்டத்தில் கட்டினார்கள். ஒரு சில்லும் நெளியவில்லை.

இரவல் தந்த காற்றுப் பம் இரண்டும், விசுவமடு வீட்டுப் பித்தளைச் செம்பும் எங்களிடம் தங்கிவிட்டன. பம்களைக் கொடிகாமத்துத் தம்பியின் கடையில் கொடுத்துவைத்திருக்கிறோம், உரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். செம்பை வருகிற ஞாயிறு நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
நல்லூரிலிருந்து வந்த சைக்கிள் அடியார்கள்