சாம்பல் நிறப் பசையைத் துடைப்பதற்கு முன்

கோயம்புத்தூர்,
மே 11

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நேற்று இரவு நீ அனுப்பிய இரண்டு போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கம்ப்யூட்டரில் கேமைத் திறந்த சில நொடிகளிலேயே பிராசஸரின் சூடு 52 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது 3-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. பிராசஸரே போய்விட்டது, போர்டோடு சேர்த்து மாற்றியாக வேண்டும் என்று அந்தக் கடையில் சொன்னதாக எழுதியிருந்தாய். பிராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் கூலரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் அப்படிச் சொல்லி அனுப்பியது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையை இந்த வேலைக்கென்று ஒதுக்கிவை, கண்ணு.

உன்னுடைய ரைசன் 5 3600 பிராசஸருக்கு அதைச் செய்தவர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 95 டிகிரி. அந்த வரம்பைத் தொட்டதும் பிராசஸர் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஆகவே நீ போட்டோவில் பிடித்தது கெட்டுப்போன சிப்பின் அடையாளம் அல்ல. சூட்டை வெளியே அனுப்ப வழியில்லாமல் நிற்கும் நல்ல சிப்பின் அடையாளம். அந்த வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் சூடு ஏறும் வேகமே ஓரளவு சொல்லிவிடும். கேபினட்டுக்குள் காற்றோட்டம் குறைந்திருந்தாலோ, கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி அடைந்திருந்தாலோ சூடு பத்துப் பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறும். பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்தால் கொஞ்சமாவது இறங்கும். உனக்கோ கதவைக் கழற்றியும் மாற்றமில்லை, ஏறுவதும் எடுத்த எடுப்பிலேயே ஏறுகிறது. சிப்பின் மூடியும் கூலரின் அடிப்பகுதியும் சரியாக ஒட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் இருவரும் 2020-இல் பூட்டியபோது கூலரோடு வந்த, சூட்டைக் கடத்தும் அதே பசைதான் (தெர்மல் பேஸ்ட்) இன்னும் அங்கே இருக்கிறது. அது காய்ந்திருக்கலாம், நாக்பூருக்கு லாரியில் போனபோது ஏதாவது ஒரு ஸ்குரூ தளர்ந்தும் இருக்கலாம்.

இன்வெர்ட்டர் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் நான் செய்த வேலையே இதுதான். ஒரு கோடைக்காலத்தில், மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் மாஸ்பெட் எரிந்துபோன இன்வெர்ட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அதன் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், நிறைய வைத்தால் நன்றாகக் குளிரும் என்று நினைத்து, இதே வேலை செய்யும் பசையான வெள்ளைக் காம்பவுண்டைச் சப்பாத்திக்கு வெண்ணெய் தடவுவதுபோலத் தடவியிருந்தாள். அவளை உட்காரவைத்து நான் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். காற்றைவிட அலுமினியம் ஏழாயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். பசை காற்றைவிட நூறு, இருநூறு மடங்கு மேல் என்றாலும் அலுமினியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிக மட்டம். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே பசையின் வேலை. உலோகமும் உலோகமும் நெருங்கவேண்டிய இடத்தில் அது கனமாக நின்றால், அதுவே தடையாகிவிடும்.

முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிடு. பசை இளகியிருக்கும்போதுதான் கூலர் எளிதாகப் பிரியும். பிறகு அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, இரண்டு பக்கக் கதவுகளையும் கழற்று. போர்டின் பின்புறத்தில் கூலரின் ஸ்குரூக்களைத் தாங்கும் ஒரு தகடு இருக்கிறது. நான்கு ஸ்குரூவும் கழன்றதும் அது கீழே விழுந்துவிடும் என்பதால், முன்கூட்டியே இன்சுலேஷன் டேப்பால் அதை ஒட்டிவிடு. அதன் பிறகு கேபினட்டைப் படுக்கவைத்து, ஃபேன் வயரைக் கழற்றி, ஸ்குரூக்களைக் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. கூலரை நேராக மேலே இழுத்துவிடாதே. இந்தப் பிராசஸரின் ஊசி போன்ற கால்கள் அதன் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. பசை பிடித்து இழுத்தால் லாக் போட்டிருந்தாலும் சிப் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், கால்களும் வளையும். கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகு. பிடி விட்டது கைக்குத் தெரிந்த பிறகே தூக்கு.

தூக்கியவுடன் துடைத்துவிடாதே. கூலரிலும் சிப்பிலும் பசை எப்படிப் பதிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நடுவில் மெல்லிய படலமாகவும் ஓரங்களில் பிதுங்கியும் இருந்தால் அழுத்தம் சரியாக இருந்தது, பசைதான் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. துடைத்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளவே முடியாது.

துடைப்பதற்கு ஐபிஏ, அதாவது ஐசோபுரொபைல் ஆல்கஹால், வாங்கிக்கொள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 99 சதவீதம் என்று எழுதிய பாட்டிலாகவே கிடைக்கும். பஞ்சு வேண்டாம், நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடை. தகடுகளிலுள்ள தூசியை ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள். சிப்பின் நடுவில் ஒரு பட்டாணி அளவு பசையை வைத்து, கூலரை நேராக இறக்கி, மறுபடியும் குறுக்குக்குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று வீதம், தானாக நிற்கும்வரை முறுக்கு. பசையைப் பரப்பும் வேலையை அந்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும். ஃபேன் வயரை மறக்காமல் அதன் இடத்திலேயே சொருகு.

இவ்வளவு செய்த பிறகும் நம் வீட்டில் வந்த எண்ணை அங்கே எதிர்பார்க்காதே. அறையின் காற்றைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்றுதான் கூலர் வேலை செய்யும். இங்கே 30 டிகிரியில் 72 வந்தது, நாக்பூர் மே மாதத்தில் 42 டிகிரி அறையில் 84 ஆகத்தான் நிற்கும். அதற்காகப் பயப்படவேண்டாம். கேபினட்டை ஏர் கூலரின் வாய்க்கு நேராக மட்டும் வைக்காதே. அந்த ஈரமும் தூசியும் சேர்ந்து தகடுகளில் சேறாக அப்பிக்கொள்ளும். வெயில் கடுமையாக இருக்கும் நாட்களில் கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில் ஈக்கோ மோட் போட்டுக்கொண்டால் 65 வாட் சிப் 45 வாட் சிப்பாக நடந்துகொள்ளும், வேகமும் பெரிதாகக் குறையாது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடியோ காலில் இருப்பேன். போனைச் சாய்த்து வைக்க ஏதாவது எடுத்து வை, இரண்டு கையும் உனக்கு வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா