கோகன் புல்லுக்குத் தீ மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் பரவிக் கிடக்கும் கோகன் என்ற அந்நியக் களைப்புல்லைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இதை யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். ஆனால் கட்டுரையின் கடைசியில், குளிர்காலத்தில் தீ வைத்துவிட்டால் புல் ஒழிந்துவிடும், காடைகள் திரும்பிவிடும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி யாரும் நிலத்தைக் கொளுத்திவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் தெற்கு அலபாமாவில் இருக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பைன் காட்டை வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மான், காட்டு வான்கோழி, காடை எல்லாம் உண்டு. வேட்டைக்காரர்களுக்குக் காட்டைப் பற்றி என்ன கவலை என்று இந்திய வாசகர்கள் நினைக்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே வேட்டை பெரும்பாலும் குற்றம்தான். இங்கே துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் மத்திய வரிப் பணம், 1937இல் வந்த ஒரு சட்டத்தின்படி வனவிலங்குப் பணிகளுக்கென்று மாநிலங்களுக்குப் போகிறது. அதனால் காடை குறைந்தால் முதலில் பதறுகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான்.

இந்தப் புல் நமக்குப் பழக்கமானது. நாம் தர்ப்பை என்று சொல்லும் புற்களில் ஒன்றின் தாவரப் பெயர் இம்பெராட்டா சிலிண்ட்ரிகா. அதேதான் இங்கே கோகன். 1912 வாக்கில் ஜப்பானிலிருந்து அலபாமாவின் மொபைல் என்ற நகரத்துப் பக்கம் வந்த ஆரஞ்சுப் பெட்டிகளில், பழம் நசுங்காமலிருக்க வைத்த அடைப்புப் புல்லாக வந்து இறங்கியது. அப்புறம் 1920களில் மாட்டுத் தீவனத்துக்கு ஆகும் என்று வேண்டுமென்றே நட்டும் பார்த்தார்கள். இலையில் சிலிக்கா அதிகம், விளிம்பு ரம்பம் மாதிரி அறுக்கும். இளந்தளிரைத் தாண்டினால் மாடு வாய் வைக்காது, மானும் சீண்டாது.

இனி தீயைப் பற்றி. இங்கத்துப் பூர்வீக மரமான லாங்லீஃப் பைன் வளரும் காடு நெருப்போடு வளர்ந்த காடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து போகும் தீ அதற்கு வேண்டும். கோகன் புல் பற்றினால் அப்படித் தவழாது. உயரமாகவும் கடும் சூட்டோடும் எரிந்து, நெருப்புக்குப் பழகிய பைன் கன்றுகளையே கொன்றுவிடும். ஆனால் புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதன் எடையில் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் தண்டாகவும் வேராகவும் ஓடுகிறது. எரிந்த இடத்தில் சில வாரங்களிலேயே துளிர்த்து, முன்னைவிட அதிகமாகப் பூக்கும்.

எங்கள் அனுபவமும் இதுதான். முதல் குளிர்காலத்தில் தீ வைத்தோம். அதற்கு முன்னால் தீத்தடுப்புப் பாதை போட ஒருவரை அமர்த்தினோம். அவர் புல் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே கலப்பையால், நடுவில் கழுவாமல் உழுதுவிட்டுப் போனார். கலப்பையில் ஒட்டிய ஒரு விரல் நீளத் தண்டு போதும், அது புதுச் செடியாகிவிடும். அடுத்த ஆண்டு அந்தப் பாதை நெடுக வட்ட வட்டமாகக் கோகன் முளைத்திருந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. எங்கள் கையாலேயே பரப்பியிருக்கிறோம்.

கோடை முடிந்து முதல் உறைபனிக்கு முன்னால் களைக்கொல்லி தெளிப்பதுதான் வேலை செய்கிறது. அந்தப் பருவத்தில் செடி உணவை அடித்தண்டுக்கு அனுப்பும், மருந்தும் அதோடு சேர்ந்து கீழே இறங்கும். கிளைபோசேட் அல்லது இமாசபைர் என்ற களைக்கொல்லி, சில இடங்களில் இரண்டும் கலந்து. புல் தெரிகிற எல்லையோடு நிற்காமல் சில அடி தள்ளியும் தெளிக்க வேண்டும், ஏனென்றால் தண்டு முன்னாலேயே போயிருக்கும். ஓக் மரங்கள் அருகே இமாசபைர் வேண்டவே வேண்டாம். மண்ணில் தங்கி வேர் வழியாக மரத்தையே கொன்றுவிடும். மானும் வான்கோழியும் தின்னும் ஓக் கொட்டைகளைப் பலி கொடுத்து என்ன வாழிடத்தை மீட்பது? ஒரு தெளிப்போடு முடியாது, 3 ஆண்டுகளாவது திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். தீக்கும் இதில் இடம் உண்டு. குளிர்காலத்தில் காய்ந்த சருகை எரித்துவிட்டு, மறுபடி துளிர்ப்பதன் மேல் இலையுதிர்காலத்தில் மருந்தடித்தால் நன்றாகப் பிடிக்கிறது. கலப்பையைக் கழுவுங்கள் என்பதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

சரி, புல் செத்தால் காடை வந்துவிடுமா? இங்கத்துக் காடை இனமான பாப்ஒயிட் காடைகள், பறவைக் கணக்கெடுப்பு தொடங்கிய 1966லிருந்து 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. கோகன் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பண்ணைகளும் காடுகளும் மாறிப்போனதும் பெரிய காரணம். ஆனால் பிறந்த காடைக் குஞ்சு கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். முதல் சில வாரம் பூச்சி தின்றே வளரும். அது ஓடித் திரிய, செடிகளுக்கு நடுவே வெறும் மண் தெரிய வேண்டும். இங்கத்துப் பூர்வீகப் புற்கள் கொத்துக் கொத்தாக நிற்பதால் இடைவெளி தானாகவே கிடைக்கிறது. கோகன் பாய் விரித்ததுபோல் மூடிக்கொள்கிறது. அதில் குஞ்சுக்கு வழியே இல்லை.

நாங்கள் எதையும் விதைக்கவில்லை. மருந்தடித்த இடங்களில், மண்ணில் புதைந்து கிடந்த விதைகளிலிருந்து ராக்வீட் என்ற காட்டுச் செடியும் காட்டு அவரை வகைச் செடிகளும் முளைத்தன. இரண்டாம் ஆண்டு பூர்வீகப் புல்லான புளூஸ்டெம் கொத்துகள் எட்டிப் பார்த்தன. அங்கே இப்போது முறை வைத்துத் தீ வைக்கிறோம், அதில் எங்களுக்குப் பயமில்லை.

கட்டுரையில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அடுத்த இதழிலேயே போடுங்கள். ஜனவரி பிறந்தால் இங்கே பலர் தீ வைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
அலபாமாவிலிருந்து ஒரு வாசகன்