பர்வதமலையில் என் காலைப் பிடித்த அண்ணனுக்கு

போன மாதம் தென்மாதிமங்கலம் வழியாகப் பர்வதமலை ஏறினேன். படிக்கட்டு வரை பிரச்சினை இல்லை, மூச்சிரைப்பு மட்டும்தான். கடப்பாறை நெட்டில்தான் மாட்டிக்கொண்டேன். செங்குத்துப் பாறை, அதில் அடித்த கம்பிகள், ஒரு சங்கிலி. பக்கத்தில் வெறும் காற்று. பாதியில் கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. கீழே வரிசை வேறு, ஒருவர் "சீக்கிரம்மா" என்று கத்தினார் (அவருக்கு நன்றி கிடையாது).

அப்போது எனக்குக் கீழே வந்த நீங்கள், தோளில் பச்சைத் துண்டு, வெறுங்கால், என் குதிகாலைப் பிடித்துக் கம்பியில் வைத்தீர்கள். "கீழ பாக்காத தங்கச்சி, அடுத்த கம்பிய மட்டும் பாரு." ஒவ்வொரு கம்பிக்கும் அப்படியே.

மேலே மல்லிகார்ஜுனேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் தேடினேன், காணோம். ரொம்ப நன்றி அண்ணா. என் தண்ணீர் பாட்டில் உங்களிடம்தான் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.