அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கோடலின் தேற்றத்தைக் காட்டி “மனித மனம் எந்திரமல்ல” என்று மேடைகளில் பேசிவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் கணிதம் நடத்துகிறவன் நான். சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் உங்களில் ஒருவர், “இதைக் கணிதமே நிரூபித்துவிட்டது” என்று பேச்சை முடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ இது முடிஞ்சுபோன விஷயமா சார்?” அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லத்தான் இந்த மடல்.

1931-இல் தருக்கவியலாளர் குர்ட் கோடல் காட்டியது இதுதான். எண்கணிதத்தைக் கையாளும் அளவுக்கு வலுவுள்ள, விதிகள் வரையறுக்கப்பட்ட ஒரு முறைமையை எடுத்துக்கொள்வோம். “என்னை இந்த முறைமையால் நிரூபிக்க முடியாது” என்று தன்னைப் பற்றியே சொல்லும் ஒரு கூற்றை அதற்குள் எழுதலாம். முறைமை முரணற்றதாக (ஒரு கூற்றையும் அதன் மறுப்பையும் ஒருசேர நிரூபிக்காததாக) இருந்தால், அந்தக் கூற்றை அது நிரூபிக்காது. ஆகவே கூற்று உண்மை. விதிப்படி மட்டுமே இயங்கும் எந்திரமும் இப்படியொரு முறைமைதான்; அது எட்டாததை நாம் எட்டிவிட்டோமே என்று ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவவாதி ஜே. ஆர். லூகாஸ் 1961-இல் எழுதினார். 1989-இல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் அதே வாதத்தை இன்னும் விரித்தார்.

கரும்பலகையில் ‘இருந்தால்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். “முரணற்றதாக இருந்தால் இந்தக் கூற்று உண்மை” என்பதை அந்த முறைமையே நிரூபித்துவிடும். அதைவிட ஒரு படி மேலே ஏற வேண்டுமென்றால், அது முரணற்றதுதான் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் மனமே ஓர் எந்திரம் என்று வைத்துக்கொண்டால், அதன் விதிகளில் முரணில்லை என்று யார் சரிபார்த்தது? தத்துவவாதி ஹிலரி பட்னம் 1960-லேயே எழுப்பிய மறுப்பு இது.

முரணற்றது என்று நம்பி ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்களும் அல்லர். ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃப்ரெகெ எண்கணிதத்துக்குத் தருக்க அடித்தளம் போட ஆண்டுக்கணக்காக உழைத்தவர். 1902 ஜூனில், நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருக்கும்போது, ஆங்கிலேயத் தத்துவவாதி ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஃப்ரெகெயின் அடிகோள்களிலிருந்தே (நிரூபணமின்றி ஏற்கும் அடிப்படைக் கூற்றுகளிலிருந்தே) ஒரு முரண்பாடு பிறக்கிறது என்றது கடிதம். அத்தனை ஆண்டுகளும் அது அவர் கண்ணில் படவில்லை. நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் நம் ராமானுஜனும் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பகா எண்களை எண்ணும் தம் சூத்திரத்தில் பிழை மிகச் சொற்பம் என்றார். அது தவறாகப் போயிற்று. அவர் மேதைமை இதனால் ஒரு துளியும் குறையாது; ஆனால் உள்ளுணர்வு பிழைபடாதது என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

மனம் எந்திரம்தான் என்று நான் வாதாட வரவில்லை. கோடலே அப்படி நம்பியவரல்லர். இருந்தும் 1951 டிசம்பரில் பிராவிடன்ஸ் நகரில் பேசியபோது அவர் முன்வைத்தது ‘ஒன்று இது, அல்லது அது’ என்ற அளவில்தான்: மனித மனம் எந்த எந்திரத்தையும் மிஞ்சும், அல்லது நம்மால் ஒருநாளும் தீர்க்க முடியாத எண்கணிதக் கேள்விகள் உண்டு. தாம் முதலாவதை நம்பியும், அதைத் தம் தேற்றம் நிறுவிவிட்டதாக அவர் சொல்லவில்லை.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அந்த மாணவியையும் அழைத்து வருகிறேன். பேச்சு முடிந்ததும் அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்