எத்தனாவது பீஸ்? கோவை வட்டாரப் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிமார்களுக்கு வணக்கமுங்க.

கணபதி, பீளமேடு, குறிச்சி, அரசூர் என்று பத்துப் பேரிலிருந்து நூறு பேர் வரை வைத்து லேத்தும் மில்லிங்கும் சி.என்.சி.யும் ஓட்டுகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு எழுதினால் அது மேலே போய்ச் சேராது. உங்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து மிஷினில் நின்று கை கறுத்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன சித்திரையில் உங்களில் ஒருவர், யாரென்று சொல்ல மாட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்களையெல்லாம் அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச்சொன்னார். ‘வேலையில் வெற்றி’ என்று பேனர். காலையில் இட்லி பொங்கல், மதியம் பிரியாணி, நடுவில் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் வாரம் இரண்டு நாள் அந்தக் கம்பெனியில் பையன்களுக்கு அளவு பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். அதனால் எனக்கும் அழைப்பு.

மனுஷர் நன்றாகவே பேசினார், பொய் சொல்லக் கூடாது. எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து ‘என்னால் முடியும்’ என்று மூன்று தடவை கத்தச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த ஒடிசாப் பையன்கள் நாலு பேரும் மண்டபம் அதிரக் கத்தினார்கள். என்ன புரிந்தது என்று அப்புறம் ஒருத்தனிடம் கேட்டேன். “பிரியாணி நல்லா இருக்கு அண்ணா” என்றான்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும், ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றார் பேச்சாளர். எனக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. பேத்தியைச் செல்போனில் தேடச் சொன்னேன். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் இருந்திருக்கிறார். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதியிருக்கிறார். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் நம்ம மண்டபம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் எழுதிய கட்டுரையில், ஒரு பழக்கம் ஊறிப்போக நடுவாக 66 நாள் என்று கணக்கு வருகிறது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 வரை போகும் என்கிறார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால், இரண்டாம் வாரம் திங்கட்கிழமை லேட்டாக வந்து ‘இனி நமக்கு ஆகாது’ என்று முகத்தைத் தொங்கப்போட்ட பையன்கள் கொஞ்சம் தெம்பாக இருந்திருப்பார்கள்.

சரி, மண்டபக் கதை போகட்டும். அடுத்த புதன்கிழமை நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம்.

மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக வரும் மோனோபிளாக் பம்புக்கு ஷாப்ட் ஓடிக்கொண்டிருந்தது. 25 எம்.எம். பேரிங் உட்காரும் இடத்தில் இரண்டு மைக்ரான் (ஒரு எம்.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) முதல் பதினொரு மைக்ரான் வரை கூடுதல் இருக்கலாம், குறையவே கூடாது. இரும்பை அறுக்கிற இன்செர்ட் முனை தேயத் தேய ஜாப், அதாவது அறுபடுகிற பீஸ், பெருத்துக்கொண்டே வரும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஈடாக ஆபரேட்டர், மிஷினுக்குக் கொடுக்கிற அளவுத் திருத்தமான ஆப்செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவான். முனையைத் திருப்பி மாட்டியதும் அந்தக் குறைத்த கணக்கை அழித்துப் பூஜ்யமாக்க வேண்டும். அன்றைக்கு மிஷினில் நின்ற பையன் அதை மறந்துவிட்டான். வந்த ஷாப்டெல்லாம் 0.04 எம்.எம். குறைவு. பெருத்திருந்தால் இன்னொரு கட் எடுக்கலாம். குறைந்த இரும்பை யார் ஒட்டுவது?

ஆறாவது பீஸில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆப்செட்டைச் சரிசெய்தான். ஏழாவது பீஸ் அச்சடித்த மாதிரி வந்தது. முதல் ஆறையும் எடுத்து நல்ல பீஸ் கிடந்த பெட்டிக்குள் போட்டுவிட்டான்.

சனிக்கிழமை அசெம்பிளியில் ஒருவர் பேரிங்கை ஷாப்டில் வைத்தார். பிரஸ்ஸில் அழுத்தி ஏற்ற வேண்டியது, கையாலேயே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவருக்குச் சந்தேகம் வந்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அதற்குள் ஒரு லாரி பம்பு கிளம்பிப் போயிருந்தது. மிச்சமிருந்த 412 ஷாப்டையும் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தோம். மேலே ஃபேன், கீழே ஷாப்ட், ஆளுக்கு மூன்று டீ. ஆறு பீஸ் தப்புக்கு ஒரு நாள் கூலி, மறு வாரம் டெலிவரி தாமதம், டீலரிடம் போனில் கெஞ்சல். பிரியாணிச் செலவைவிட அதிகம்.

பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏன்டா சொல்லவில்லை? முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னான்: “போன மாசம் அந்த அண்ணன் சொன்னாரே, பார்த்தேனே.” அந்த அண்ணன் ஒரு ஜாப் கெட்டுப்போனதும் நேராக ஆபீஸுக்குப் போய்ச் சொன்னவர். அவருக்குச் சம்பளத்தில் 800 ரூபாய் பிடித்தார்கள். கெட்ட ஜாப்பை டைம் ஆபீஸ் மேஜையில் வைத்து, வருகிற போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி அவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினார்கள்.

அந்தச் சீட்டு மேஜையில் இருந்தது நாலு நாள். அதிலிருந்து நூறு பேர் கற்றுக்கொண்ட பழக்கத்துக்கு 21 நாளும் ஆகவில்லை, 66 நாளும் ஆகவில்லை.

நான் 1982இல் அன்னூர்ப் பக்கமிருந்து பதினேழு வயதில் கணபதிக்கு ஹெல்பராக வந்தவன். எனக்குத் தொழில் கொடுத்த மேஸ்திரி சாந்தமானவர் என்று நினைக்காதீர்கள். எட்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் வாசலிலேயே நிறுத்திவைப்பார், அரை நாள் போய்விடும். இரண்டாவது வருஷம் ஒரு வார்ப்பிரும்புப் புல்லியின் உள்விட்டத்தைக் கூட்டி அறுத்துவிட்டேன். வயிற்றைக் கலக்கியது. தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, புல்லியைத்தான் பார்த்தார்.

“எத்தனாவது பீஸ்டா கண்ணு?”

“மூணாவதுங்க.”

“மொத ரெண்டும்?”

“சரியா வந்துச்சுங்க.”

“அப்ப ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல என்னமோ மாறியிருக்குது. என்னன்னு பாரு போ.”

போய்ப் பார்த்தேன். டூல் போஸ்ட் போல்ட் லூஸாகி இருந்தது. முடுக்கிவிட்டு வந்து சொன்னேன். டூல் மாற்றும்போதெல்லாம் அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிஷின் மேல் சாக்பீஸில் ஒரு கோடு போடு என்றார். அவ்வளவுதான் அன்றைய பாடம். 37 வருஷம் கோடு போட்டேன். இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி ஜாரைத் திருகினால் வலது கை சாக்பீஸைத் தேடும், வீட்டுக்காரம்மா சிரிப்பார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு மேஸ்திரி ஆன பிறகுதான் புரிந்தது. ‘யார் செய்தது’ என்று கேட்டால் பட்டறையே வாயை மூடிக்கொள்ளும். ‘எத்தனாவது’ என்று கேட்டால் போல்ட் கிடைக்கும்.

இதற்கும் படித்தவர்கள் சாட்சி இருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கிற வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் தலைகீழாக, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தால், அந்த வார்டுகளில் நர்சுகள் பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மூடிவிடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. உங்கள் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரில் மாதாமாதம் பூஜ்யம் எழுதியிருந்தால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை அப்படிப்பட்ட பட்டறையில் மிஷினுக்குப் பின்னால், கூலன்ட் டேங்குக்கு அடியில், கக்கூஸ் கூரை மேல் எல்லாம் இரும்பு கிடக்கும்.

சம்பளத்தில் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஆள் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் சேதத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் வருஷத்து ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இதற்கு மேல் இதைப் பேசினால் யூனியன்காரன் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

பேச்சாளர் ஜி.டி. நாயுடுவையும் இழுத்தார். கோயமுத்தூரில் பேச வருகிறவர்கள் அவரை விடவே மாட்டார்கள். ஹோட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார், எல்லாம் மன உறுதியால் என்றார். இருக்கட்டும். ஆனால் வாங்கிய மோட்டார் சைக்கிளை அவர் பிரித்துப் பிரித்து மாட்டிப் பார்த்த கதையை ஒரே வரியில் தாண்டிவிட்டார். அதுதான் நம்ம தொழிலுக்கு வேண்டிய இடம். பிரித்து மாட்டுகிறவனுக்குப் போல்ட் மிச்சமாகும், ஏதாவது ஒன்று உடையும். அது அவருடைய சொந்த வண்டி, மேஜையில் சீட்டு ஒட்ட ஆளில்லை.

எங்கள் அப்பன் தோட்டத்தில் வெடியால நாலு மணிக்கு எழுந்து கட்டுத்தரை கூட்டுவார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. எழாவிட்டால் எருமை கத்தும், பால்காரர் வந்து நிற்பார். எழுந்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி இடமும் நேரமும் அமைந்திருந்தது. உங்கள் பட்டறை எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். நான் சொன்ன அந்தக் கம்பெனியில் எட்டு மிஷினுக்கு, 25 முதல் 50 எம்.எம். வரை அளக்கிற மைக்ரோமீட்டர் ஒன்றுதான். அதுவும் தரம் பார்க்கிற க்யூ.சி. ரூமில் பூட்டு போட்ட அலமாரியில். முதல் பீஸை அளக்க அந்தப் பையன் முப்பது அடி நடந்து, சாவி கேட்டு, கையெழுத்துப் போட்டு, திரும்பி வர வேண்டும். அதற்குள் அடுத்த ஷாப்ட் முடிந்திருக்கும். அதனால்தான் அன்றைக்கு ஆறாவதில்தான் அளந்தான். மிஷினுக்கு எதிர்ச் சுவரில், பட்டறையைச் சுத்தமாக ஒழுங்காக வைக்கச் சொல்கிற ஐந்து எஸ் போர்டு பளபளவென்று இருக்கிறது. பேச்சாளருக்குக் கொடுத்த தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல்காரர் சொன்ன ஒரு வழி எனக்குப் பிடித்திருந்தது. ‘இனி கவனமாக இருப்பேன்’ என்று முடிவெடுப்பதைவிட, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முடிவெடுத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்களாம். என் மேஸ்திரியின் சாக்பீஸ் கோடு அதேதான். இப்போது அந்தப் பையனின் கண்ட்ரோல் பேனலில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ‘முனை திருப்பினால் ஆப்செட் பார், அடுத்த பீஸை அள.’ தமிழிலும் ஒடியாவிலும். ஒடியாவில் அவனே எழுதினான்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லீங்க. மைக்ரோமீட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். மேஜையில் பெயர் ஒட்டுவதை நிறுத்துங்கள். அடுத்து யாராவது கெட்ட ஜாப்போடு உங்கள் ரூமுக்கு வந்து நின்றால், எவ்வளவு கோபம் வந்தாலும், முதலில் எத்தனாவது பீஸ் என்று கேளுங்கள். மிச்சத்தை அரை மணி கழித்துப் பேசிக்கொள்ளலாம். வேண்டுமென்றே கெடுக்கிறவனும், சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறவனும் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். அவர்களை வேலையை விட்டு அனுப்புங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் ஆறாவது பீஸில் வந்து சொல்கிறவனை அவர்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அப்புறம், அந்த ஆறு ஷாப்ட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்றைக்கு அசெம்பிளியில் பிடிபட்டது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அளந்ததில் நாலு கிடைத்தது. இன்னொன்று லாரியில் போய்விட்டது. பேரிங் கையாலேயே உள்ளே போனதை அசெம்பிளியில் இன்னொருவரும் கவனித்திருக்கிறார், சுளுவாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார். எந்தக் குடியானவர் தோட்டத்தில், எந்தக் கிணற்று மேட்டில் அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதோ.

இப்படிக்கு,
கணபதியில் 37 வருஷம் லேத் ஓட்டியவன்